அமெரிக்க சினிமா, டிவி, பாட்டு: ஆண்டு நாள்களைப் பிழையில்லாமல் குறித்து வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு வினாடி வினாவில், "காஸாபிளாங்கா படம் வெளியான வருடம் எது?" என்று கேட்டேன். ஒரு அணி 1942 என்றது, இன்னொரு அணி 1943 என்றது. என் தாளில் இருந்தது 1942. முதல் அணிக்கு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். டீ இடைவேளையில் இரண்டாவது அணிப் பையன் ஒருவன் செல்போனை என் முன்னால் நீட்டினான். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது 1943-ஆம் ஆண்டுப் படங்களின் வரிசையில். "நாப்பத்திரண்டுல வந்த படம் நாப்பத்திமூணு லிஸ்ட்ல எப்படி சார் இருக்கும்?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு அணிக்கும் மதிப்பெண் போட்டுச் சமாளித்தேன். வீட்டுக்குப் போய்த் தேடியபோதுதான் தெரிந்தது, என் தாளும் சரி, அவன் சொன்னதும் சரி.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். அதில் தேதிகள் சேரச் சேர, தேதியைப் பிடிப்பதற்கென்று ஒரு முறையும் தானாக அமைந்தது. 'இன்று இந்த நாளில்' என்று பதிவு போடுகிறவர்கள், வினாடி வினா நடத்துகிறவர்கள், பண்பலைக்கோ பள்ளி மலருக்கோ துணுக்கு எழுதுகிறவர்கள், இவர்களுக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன். தேவையானது ஒரு நோட்டு அல்லது எக்செல் தாள், இணைய இணைப்பு, அப்புறம் கொஞ்சம் சந்தேக புத்தி.

படி 1: வினைச்சொல் இல்லாமல் தேதி எழுதாதீர்கள்

ஒரே ஒரு படியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 'காஸாபிளாங்கா: 1942 நவம்பர் 26' என்று எழுதினால் பாதிதான் எழுதியிருக்கிறீர்கள். அன்று என்ன ஆயிற்று? நியூயார்க்கில் ஹாலிவுட் தியேட்டர் என்ற அரங்கில் முதன்முதலாகத் திரையிட்டார்கள். நாடு முழுக்க வெளியிட்டது 1943 ஜனவரி 23-இல். லாஸ் ஏஞ்சல்ஸில் படம் ஓடிய வருடத்தை வைத்துத்தான் ஆஸ்கர் கணக்கு. அதனால் அது 1943-ஆம் ஆண்டுப் படம் ஆயிற்று. விருதைக் கையில் வாங்கியது 1944 மார்ச்சில். ஆக ஒரு படத்துக்கு மூன்று வருடங்கள், மூன்றுமே உண்மை.

இரண்டு தேதிகள் ஏன் வந்தன என்று பார்த்தால் கதை இன்னும் ருசிக்கும். 1942 நவம்பர் 8-இல் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. காஸாபிளாங்கா என்ற ஊர்ப்பெயர் திடீரென்று எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. கையில் அதே பெயரில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு வார்னர் பிரதர்ஸ் சும்மா இருப்பார்களா? அவசரமாக நியூயார்க்கில் ஓட்டிவிட்டார்கள். ஜனவரியில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் அதே ஊரில் கூடிப் பேசினார்கள், 14-ஆம் தேதி முதல் 24 வரை. 23-ஆம் தேதி படம் நாடெங்கும் வந்தது. இப்படியொரு இலவச விளம்பரம் இன்றுவரை வேறு எந்தப் படத்துக்கும் வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை.

வினைச்சொல் கேட்டுப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பிரிந்து நிற்கும். 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' படத்தை விஸ்கான்சின் மாநிலத்தில் ஒகோனொமோவாக் என்ற சிற்றூரில் 1939 ஆகஸ்ட் 12 அன்று காட்டினார்கள். ஹாலிவுட்டில் தடபுடலான முதல் காட்சி ஆகஸ்ட் 15. நாடு தழுவிய வெளியீடு ஆகஸ்ட் 25. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

டிவியில் 'எடுத்த நாள்', 'ஒளிபரப்பிய நாள்' என்ற வேறுபாடு முக்கியம். மைக்கேல் ஜாக்சன் முதன்முதலாக மேடையில் மூன்வாக் நடந்தது 1983 மார்ச் 25, பாசடீனா நகர அரங்கில். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்தான் பார்த்தார்கள். என்.பி.சி. தொலைக்காட்சி அந்த நிகழ்ச்சியை ஒளிபரப்பியது மே 16. நாடே வாய் பிளந்தது அன்றைக்குத்தான். நான் என் நோட்டில் மே 16-ஐத்தான் வைத்திருக்கிறேன். டிவி நிகழ்ச்சி என்பது வீட்டில் பார்க்கிறவனுடையது என்பது என் கட்சி. மார்ச் 25 என்று எழுதுகிறவரோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடர் இதில் ஒரு விசித்திரம். கதையில் லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதியைச் சில வாரங்கள் முன்பே படம் பிடித்துவிட்டார்கள். அது ஒளிபரப்பானது 1953 ஜனவரி 19, திங்கட்கிழமை இரவு. அன்று காலைதான் லூசியாக நடித்த லூசில் பாலுக்கு நிஜத்திலும் அறுவை சிகிச்சை மூலம் ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதை டிவியில் பார்த்த கூட்டம் அதைவிடக் குறைவு. இத்தனைக்கும் 'கர்ப்பம்' என்ற சொல்லை அந்தத் தொடரில் வாய்விட்டுச் சொல்லவே அனுமதிக்கவில்லை.

காமிக்ஸுக்குத் தனி எச்சரிக்கை. சூப்பர்மேன் அறிமுகமான ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அட்டையில் 1938 ஜூன் என்று இருக்கும். கடைக்கு வந்தது ஏப்ரலில். நம் வார இதழ்களிலும் அட்டைத் தேதி ஒன்று, கடையில் தொங்கும் நாள் ஒன்று என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

படி 2: தேதியைச் சரியாகப் படியுங்கள்

கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நான் பார்த்த பிழைகளில் பாதி இந்த வகை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவார்கள். பழைய விளம்பரத்தில் 9/8/66 என்று இருந்தால் அது செப்டம்பர் 8. அன்றுதான் ஸ்டார் டிரெக் தொடர் என்.பி.சி.யில் தொடங்கியது. நம் பழக்கத்தில் படித்து ஆகஸ்ட் 9-க்கு வாழ்த்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு எண்களும் 12-க்குள் இருக்கும்போதெல்லாம் கொஞ்சம் நின்று பாருங்கள். நோட்டில் மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுதுங்கள்.

ஸ்டார் டிரெக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கனடாவின் சி.டி.வி. அதை இரண்டு நாள் முன்பே, செப்டம்பர் 6-இல் காட்டிவிட்டது. ஆனாலும் ரசிகர்கள் கொண்டாடுவது 8-ஆம் தேதியைத்தான். வழக்கத்துக்கும் ஒரு மரியாதை உண்டு. 'அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது நேரம். நியூயார்க்கில் இரவு நடந்தது நமக்கு மறுநாள் காலை. நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தது அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி 1969 ஜூலை 20 இரவு 10.56. இந்திய நேரப்படி ஜூலை 21 காலை 8.26. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் நியூயார்க்கில் சுடப்பட்டு இறந்தது 1980 டிசம்பர் 8 இரவு 11 மணியை ஒட்டி, நமக்கு 9-ஆம் தேதி காலை. நிகழ்வு நடந்த ஊரின் தேதியைப் பின்பற்றுவதுதான் வழக்கம். உங்கள் தாத்தாவின் டைரியில் 21 என்று இருந்தால் அவர் தப்பாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குள்ளேயே இந்தக் குழப்பம் உண்டு. எம்.டி.வி. தொடங்கியது 1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். அது கிழக்குப் பகுதி நேரம். அந்தக் கணத்தில் கலிஃபோர்னியாவில் ஜூலை 31 இரவு 9 மணிதான் ஆகியிருந்தது. இதைவிட வேடிக்கை, அலுவலகம் இருந்த மன்ஹாட்டனில் கேபிளில் அந்தச் சேனலே வரவில்லை. தாங்கள் தொடங்கிய சேனலைப் பார்க்க அதன் ஊழியர்கள் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்துக்குப் போனார்கள்.

படி 3: கிழமையை வைத்து உரசிப் பாருங்கள்

தட்டான் தங்கத்தை உரசிப் பார்ப்பது போல இது. ஒரு நிமிட வேலை. எட் சலிவன் ஷோ ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. பீட்டில்ஸ் அதில் வந்த 1964 பிப்ரவரி 9 ஞாயிறா? ஆமாம். 'ஐ லவ் லூசி' திங்கட்கிழமை. அமெரிக்கத் தேர்தல் செவ்வாய்க்கிழமை. 'சாட்டர்டே நைட் லைவ்' என்ன கிழமை என்று சொல்லவே வேண்டாம். யாராவது அதன் முதல் நிகழ்ச்சி 1975 அக்டோபர் 12 என்றால் நாள்காட்டியைத் திறந்தால் போதும், அது ஞாயிறு. சரியான தேதி அக்டோபர் 11.

இசைத்தட்டுகளுக்கும் இது உதவும். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புதிய ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வருகின்றன. அதற்கு முன் அமெரிக்காவில் பல வருடங்கள் செவ்வாய்தான் வெளியீட்டு நாள். 2000-களில் வந்த ஓர் அமெரிக்க ஆல்பத்துக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டிருந்தால் இன்னொரு முறை தேடிப் பாருங்கள்.

படி 4: 'முதல்' என்ற சொல்லைக் கண்டால் பர்ஸைத் தொட்டுப் பாருங்கள்

கூட்டத்தில் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும் அந்த ஜாக்கிரதை இங்கே வேண்டும். 'முதல் பேசும் படம் தி ஜாஸ் சிங்கர், 1927 அக்டோபர் 6' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தேதி சரி. ஆனால் அந்தப் படத்தில் பெரும்பகுதி ஊமைப்படம்தான். வசனம் எழுத்து அட்டைகளில் வரும். பாட்டும் கொஞ்சம் பேச்சும் சில காட்சிகளில் மட்டும் ஒலிக்கும். முழுக்கப் பேசிய முதல் முழுநீளப் படம் 1928-இல் வந்த 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'. அதற்கும் முன்னால் பேசிய குறும்படங்கள் உண்டு. எனவே 'பேச்சும் பாட்டும் இடம்பெற்று, பேசும் பட அலையைத் தொடங்கிவைத்த முழுநீளப் படம்' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் வந்து திருத்தமாட்டார்கள்.

அந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்னொன்றை விட்டுவிடுகிறார்கள். ஒலியின் மேல் பணத்தைப் போட வேண்டும் என்று சகோதரர்களிடம் விடாமல் வாதாடியவர் சாம் வார்னர். முதல் காட்சிக்கு முதல் நாள், அக்டோபர் 5 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் இறந்துபோனார். சகோதரர்கள் நியூயார்க்கிலிருந்து கிளம்பிவிட்டார்கள். தங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய வெற்றியை அவர்கள் யாரும் அரங்கில் உட்கார்ந்து பார்க்கவில்லை. அக்டோபர் 6 என்று நோட்டில் எழுதும்போது மேலே 5 என்றும் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

வானொலியிலும் இதே சிக்கல். பிட்ஸ்பர்க்கின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2-இல் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளைச் சொல்லித் தொடங்கியது. 'முதல் வானொலி' என்ற பெயர் அதற்கு. ஆனால் டெட்ராய்ட்டில் 8எம்.கே. என்ற நிலையம் அதே வருடம் ஆகஸ்ட் 20-லேயே பேச ஆரம்பித்திருந்தது. 'முதல்' என்பதை வெட்டிவிட்டு அன்று நடந்ததைச் சொன்னாலே துணுக்கு நன்றாக இருக்கும்.

படி 5: நிறைவா, தொடக்கமா?

அறுபது முடிந்து அறுபத்தொன்று பிறக்கும்போதுதான் நம் வீடுகளில் சஷ்டியப்தபூர்த்தி. ஆனால் 'வயசு அறுபது நடக்குது' என்றும் சொல்வோம். இந்த வித்தியாசம் தெரிந்த நமக்கு ஆஸ்கர் கணக்கு சுலபமாகப் புரியும். முதல் ஆஸ்கர் விழா 1929 மே 16-இல், ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஓட்டலில் ஒரு விருந்தாக நடந்தது. விருது வழங்க எடுத்துக்கொண்ட நேரம் கால் மணி. அதிலிருந்து நூறு வருடம் நிறைவது 2029-இல். ஆனால் நூறாவது விழா நடப்பது 2028-இல். முதல் விழாவே ஒன்று என்று எண்ணப்படுவதாலும், 1930-இல் இரண்டு விழா, 1933-இல் ஒன்றுமில்லை என்று தொடக்கத்தில் முன்பின்னாக நடந்ததாலும் நேராகக் கழித்துப் பார்த்தால் எங்கேயாவது இடிக்கும். '100-ஆவது விழா' வேறு, 'நூற்றாண்டு' வேறு.

டிவிக்காரர்கள் தங்கள் வசதிக்கு இதை வளைத்துக்கொள்வார்கள். 'சாட்டர்டே நைட் லைவ்' தன் 50-ஆம் ஆண்டுச் சிறப்பு நிகழ்ச்சியை 2025 பிப்ரவரி 16 அன்றே நடத்திவிட்டது. காரணம், ஓடிக்கொண்டிருந்தது 50-ஆவது சீசன். உண்மையில் 50 வருடம் நிறைந்தது எட்டு மாதம் கழித்துத்தான்.

நம் பக்கத்தில் ஒரு மொழிச் சிக்கலும் உண்டு. 'வெள்ளிவிழா' என்றால் தமிழ் சினிமா ரசிகருக்கு 25 வாரம் ஓடிய படம். 'ஜுராசிக் பார்க் வெள்ளிவிழா' என்று தலைப்பு வைத்தால் பாதிப்பேர் தியேட்டரில் ஓடிய கணக்கு என்று நினைப்பார்கள். '25 ஆண்டு நிறைவு' என்று எழுதிவிட்டால் தொல்லை இல்லை. இறந்த நாளுக்கு 'நினைவு நாள்'. 'விழா' என்ற சொல்லை அங்கே கொண்டுவரவே வேண்டாம். 1959 பிப்ரவரி 3-இல் அயோவா மாநிலத்தில் விமானம் விழுந்து பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், பிக் பாப்பர் என்ற ராக் பாடகர்கள் மூவரும் இறந்தார்கள். வேலன்ஸுக்கு வயது 17. இந்த நாளுக்குப் பலூன் படம் போட்ட ஒரு பதிவை நான் பார்த்திருக்கிறேன்.

படி 6: அந்தக் காலத்துத் தாளைத் தேடுங்கள்

ஒரு தளத்தைப் பார்த்து இன்னொரு தளம், அதைப் பார்த்து மூன்றாவது என்று தேதிகள் பரவுகின்றன. பத்து இடத்தில் ஒரே தேதி இருந்தால் பத்து சாட்சி என்று அர்த்தமில்லை. ஒரே சாட்சியின் பத்து நகலாக இருக்கலாம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ், பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்து 'குரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற பெயரில் இலவசமாக வைத்திருக்கிறது. சினிமாப் பத்திரிகைகளுக்கு 'மீடியா ஹிஸ்டரி டிஜிட்டல் லைப்ரரி'. படங்களின் தேதிக்கு அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் ஏ.எஃப்.ஐ. கேட்டலாக். முதல் காட்சி எந்த ஊரில், பொது வெளியீடு எப்போது என்று பிரித்தே போட்டிருப்பார்கள். தொலைக்காட்சிச் செய்தி என்றால் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் 5 முதல் இரவுச் செய்திகளைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. செய்தித்தாளைத் திறந்ததும் கட்டுரைகளுக்குப் போகாதீர்கள், விளம்பரப் பக்கத்துக்குப் போங்கள். 'இன்று முதல்' என்ற ஒரு வரி போதும்.

இந்த வேலையை உலகத்திலேயே பெரிய பிறந்த நாள் ஒன்றுக்குச் செய்தவர் டேவ் ஸ்மித், டிஸ்னி நிறுவனத்தின் ஆவணக் காப்பாளர். மிக்கி மவுஸின் பிறந்த நாளை அந்த நிறுவனமே ஒரு காலத்தில் வருடத்துக்கு ஒரு தேதியில் கொண்டாடிக்கொண்டிருந்தது. 'ஸ்டீம்போட் வில்லி' குறும்படம் நியூயார்க்கின் காலனி தியேட்டரில் முதலில் ஓடிய 1928 நவம்பர் 18-தான் சரியான நாள் என்று ஸ்மித் உறுதிசெய்த பிறகே அது நிலைத்தது. அதிலும் ஒரு நூல் தொங்குகிறது. மிக்கியை வைத்து முதலில் வரைந்தது 'பிளேன் கிரேசி' என்ற படம். 1928 மே 15-இல் அதைச் சோதனையாகப் போட்டுக் காட்டினார்கள், வாங்க யாரும் வரவில்லை. மிக்கி வரையப்பட்டது முதலில் அங்கே, உலகம் பார்த்தது நவம்பரில். மறுபடியும் வினைச்சொல்.

மூல ஒளிநாடாவைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். 1967 ஜனவரி 15-இல் நடந்த முதல் சூப்பர் பௌலை (அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டி) சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டும் ஒளிபரப்பின. இரண்டு நிறுவனமும் நாடாவைப் பாதுகாத்து வைக்கவில்லை. நாடா விலை அதிகம், அழித்துவிட்டு மேலேயே பதிவது அன்றைய வழக்கம்.

படி 7: தேதி சரி, கதை சரியா?

இங்கேதான் அதிக நேரம் செலவிடுவேன். ஒவ்வொரு அக்டோபர் 30-க்கும் தவறாமல் வரும் கதையை எடுத்துக்கொள்வோம். 1938, ஞாயிறு இரவு 8 மணி, சி.பி.எஸ். வானொலி. 23 வயது ஆர்சன் வெல்ஸ் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலைச் செய்தி அறிக்கை போல நாடகமாக்கி ஒலிபரப்புகிறார். நியூ ஜெர்சியில் குரோவர்ஸ் மில் என்ற இடத்தில் செவ்வாய் கிரகத்தார் இறங்கிவிட்டதாக அறிவிப்பாளர் பதறுகிறார். அமெரிக்காவே வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடியது என்று கதை முடியும்.

தேதி, நேரம், இடம் எல்லாம் சரி. ஓட்டம்தான் இடிக்கிறது. அன்று இரவு ஹூப்பர் என்ற கணக்கெடுப்பு நிறுவனம் சுமார் 5,000 வீடுகளுக்குப் போன் செய்து என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்தது. வெல்ஸ் நாடகம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். பெருங்கூட்டம் எதிர் அலைவரிசையில் எட்கர் பெர்கன் என்பவரின் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தது. பெர்கன் யார் தெரியுமா? தன் உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கிறவர். வானொலியில்! உதடு அசைகிறதா என்று பார்க்கவே முடியாத இடத்தில் அந்தக் கலைக்கு நாட்டிலேயே முதல் இடம். எனக்கு செவ்வாய்க்காரர்களைவிட இதுதான் ஆச்சரியம்.

சிலர் நிஜமாகவே பயந்தார்கள், காவல் நிலையத்துக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் போன் செய்தார்கள். மறுநாள் வெல்ஸ் நிருபர்கள் முன் வருத்தம் தெரிவித்தார். ஆனால் 'நாடே ஓடியது' என்று பெரிதாக்கியது செய்தித்தாள்கள். தங்கள் விளம்பர வருமானத்தை வானொலி தின்றுகொண்டிருந்த எரிச்சல் அவர்களுக்கு. இதையும் சேர்த்து எழுதினால் துணுக்கு சுருங்காது, கனக்கும்.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லி கதையும் இப்படித்தான். '1956 செப்டம்பர் 9, எட் சலிவன் எல்விஸை நாட்டுக்கு அறிமுகம் செய்தார், இடுப்பசைவைக் காட்டாமல் மேல்பாதியை மட்டும் படம் பிடித்தார்கள்.' ஒரு வாக்கியத்தில் எத்தனை ஓட்டை பாருங்கள். அன்று சலிவன் வரவே இல்லை. கார் விபத்தில் அடிபட்டு ஓய்வில் இருந்தார். தொகுத்து வழங்கியவர் நடிகர் சார்ல்ஸ் லாட்டன். எல்விஸ் பாடியது ஹாலிவுட்டிலிருந்து. இடுப்புக்கு மேலே மட்டும் காட்டியது மூன்றாவது முறை அவர் வந்தபோது, 1957 ஜனவரி 6-இல். டிவிக்கும் அவர் புதிதில்லை, 1956 ஜனவரியிலேயே வேறொரு நிகழ்ச்சியில் தலைகாட்டிவிட்டார். சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள் என்பது மட்டும் நிற்கிறது.

'ஒரே ஒருமுறைதான் ஒளிபரப்பானது' என்ற வகைக் கதைகளும் இதே ஜாதி. ரிட்லி ஸ்காட் இயக்கிய ஆப்பிளின் '1984' விளம்பரம் 1984 ஜனவரி 22 சூப்பர் பௌலில் வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் என்ற சிறு ஊரின் டிவியில், பார்க்க ஆளில்லாத நேரத்தில் ஓட்டிவிட்டார்கள். அந்த வருடக் கணக்கில் விளம்பர விருதுகளுக்குத் தகுதி வேண்டுமே!

கேலியிலிருந்து உருவான நாள்களும் உண்டு. மே 4 ஸ்டார் வார்ஸ் தினம். அன்று படம் வரவில்லை. 'மே தி ஃபோர்ஸ்' என்ற வசனமும் மே 4-க்கான 'மே தி ஃபோர்த்' என்பதும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த சிலேடை. காளமேகம் கேட்டால் சிரித்திருப்பார். படம் வந்தது 1977 மே 25, புதன்கிழமை, வெறும் 32 தியேட்டர்களில். அன்றைய படத்தின் தலைப்பில் 'எபிசோட் 4' கிடையாது. அதை 1981 மறுவெளியீட்டில்தான் சேர்த்தார்கள்.

படி 8: படம் போடுவதற்கு முன்

பழைய சுவரொட்டி, புகைப்படம் எல்லாம் பொதுச் சொத்து என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் படைப்புகளுக்கு வெளியான வருடத்திலிருந்து 95 ஆண்டு உரிமை. முடிந்த பின் வரும் ஜனவரி 1-இல் பொதுவுக்கு வரும். 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி' அப்படித்தான் 2024-இல் விடுபட்டது. அந்த வருடம் விடுபட்டது 1928-இன் கறுப்பு வெள்ளை மிக்கி மட்டும். வெள்ளைக் கையுறை போட்ட 1929 மிக்கி 2025-இல்தான் விடுபட்டது, அதற்கும் பிந்தைய வடிவங்களைத் தொட்டால் வம்பு. இதனாலேயே ஜனவரி 1-ஐயும் என் நோட்டில் ஓர் ஆண்டு நாளாக வைத்திருக்கிறேன்.

படி 9: நாள்காட்டியில் ஏற்றுங்கள்

நாளுக்கு மூன்று வாரம் முன்பே செல்போனில் நினைவூட்டல் வையுங்கள். அன்று காலையில் தேட ஆரம்பித்தால் மற்றவர்கள் எழுதியதைத்தான் நகலெடுப்பீர்கள். 50, 75 என்று 0, 5-இல் முடியும் நிறைவுகளுக்குத்தான் மதிப்பு என்பதால் முன்கூட்டியே வரிசை போட்டுவிடலாம். 2026 செப்டம்பர் 8 ஸ்டார் டிரெக்குக்கு 60, நவம்பர் 15 என்.பி.சி. வானொலி வலைப்பின்னலுக்கு 100. 2027 மே 25 ஸ்டார் வார்ஸுக்கு 50. அதே வருடம் செப்டம்பர் 7-இல், ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் சான் பிரான்சிஸ்கோவில் மின்னணுத் தொலைக்காட்சியில் ஒரு கோட்டைத் தெரியவைத்து நூறு வருடம். செப்டம்பர் 18 சி.பி.எஸ்., அக்டோபர் 6 தி ஜாஸ் சிங்கர். 2028 நவம்பர் 18 மிக்கி. 2027 இலையுதிர் காலத்துக்கு இப்போதே படிக்க ஆரம்பிப்பது நல்லது.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் நோட்டிலிருந்து ஒன்றை அப்படியே தருகிறேன்.

'வுட்ஸ்டாக் இசை விழா. தொடங்கியது 1969 ஆகஸ்ட் 15, வெள்ளி. மூன்று நாள் என்று விளம்பரம். முடிந்தது 18 திங்கள் காலை, கடைசியாக வாசித்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். நடந்த இடம் வுட்ஸ்டாக் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற ஊரில் மேக்ஸ் யாஸ்கர் என்பவரின் பால்பண்ணை நிலம், வுட்ஸ்டாக்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். கூட்டம் நான்கு லட்சத்துக்கு மேல் என்று மதிப்பீடு. முதல் நாள் மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்தார், தபலா அல்லா ரக்கா. விழாவின் தொடக்க உரை: காவி உடையில், மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசியவர் சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துக்காரர். சரிபார்க்க: தொடக்க உரை முதல் பாடகருக்குப் பிறகுதான். முதலில் பாடியவர் ரிச்சி ஹேவன்ஸ். ஆகவே "தொடங்கிவைத்தார்" என்று எழுதும்போது கவனம்.'

இதில் கடைசி வரியைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன். சுவாமி பிறந்தது 1914 டிசம்பர் 22. அந்தப் பக்கத்திலும் செட்டிப்பாளையம் என்று ஒரு குறிப்பு போட்டாயிற்று.